டொக் கியரும் சிங்க்ரோ கியரும்: கொத்மலை வீதிக் கார்களுக்கு எது?

டொக் கியர்பொக்ஸ் என்பது பந்தயக் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் காணப்படும் கியர் பெட்டி. கியர்ச் சக்கரத்தின் பக்கத்தில் புடைத்து நிற்கும் தடித்த முட்டுகள் (இவையே டொக்), எதிரே நகர்ந்து வரும் வளையத்தின் இடைவெளிகளுக்குள் நேரே பாய்ந்து பூட்டிக்கொள்ளும். சிங்க்ரோ கியர்பொக்ஸில் அந்தப் பூட்டு விழுமுன் ஒரு கூம்பு வளையம் உரசி இரு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். கம்பனியிலிருந்து வரும் மெனுவல் கார்கள் இன்று இரண்டாம் வகை. அதைக் கழற்றிவிட்டு முதல் வகையை மாட்டினால் வீதியில் லாபமா, நட்டமா? கம்பளையிலிருந்து கொத்மலைப் பிரதேசம், இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் விடை சிங்க்ரோவின் பக்கமே சாயும். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி தவறானவை.

பூட்டு விழும் விதம்

இரண்டு வகையிலும் முன்னோக்கிய கியர்களின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது பற்கள் இடம் மாறுவதில்லை. தண்டின்மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும் ஒரு சக்கரம் தண்டோடு பூட்டப்படுகிறது, அவ்வளவுதான். பூட்ட வேண்டிய இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதுதான் சிக்கல். இரண்டாம் கியரின் விகிதம் 2.1, மூன்றாம் கியரின் விகிதம் 1.4 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால், அதே வண்டி வேகத்துக்கு 4000 சுற்றே போதும். நடுவில் உள்ள 2000 சுற்றை எதுவாவது தின்றாக வேண்டும்.

சிங்க்ரோவில் அதைத் தின்பது பெரும்பாலும் பித்தளையில் செய்த கூம்பு வளையம். லீவரைத் தள்ளியதும் வளையம் சக்கரத்தின் கூம்பில் அழுந்தி உரசத் தொடங்கும். வேகம் சமமாகும்வரை வளையத்தின் ஓரப் பற்கள் பூட்டும் உறையை (ஸ்லீவ்) மேலே போகவிடாமல் மறித்து நிற்கும். சமமான கணத்தில் வழிவிடும். லீவரில் ஒரு சிறு தடங்கலும் பிறகு வழுக்கி உள்ளே போவதும் கைக்குத் தெரிவது இதனால்தான். கிளச் மிதிபட்டிருப்பதால் வளையம் அடக்க வேண்டியது கிளச் தட்டையும் உள்வரும் தண்டையும் அதோடு சுழல்வனவற்றையும் மட்டுமே. ஆனாலும் வேக வித்தியாசம் இரண்டு மடங்கானால் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 8000 சுற்றில் திரும்பத் திரும்ப அடித்து மாற்றும் பந்தயக்காரரிடம் சிங்க்ரோ வளையங்கள் நீடிக்காமல் போவதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

டொக் வகையில் வளையமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய முட்டுகளும், அவற்றைவிட அகலமான இடைவெளிகளும் இருக்கும். மீதமுள்ள வேக வித்தியாசம் ஒரு அதிர்ச்சியாகத் தண்டுகள் வழியே டயர்வரை போய்த் தீரும். முட்டுகளின் முகம் சில பாகை உள்நோக்கிச் சரித்து வெட்டப்பட்டிருப்பதால், இழுவை வந்ததும் அவை ஒன்றையொன்று இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல் கியருக்குப் போகக் கிளச்சே தேவையில்லை. ஆக்சிலேட்டரை ஒரு கணம் விட்டு லீவரை அடித்தால் போதும். அந்த அடி வேகமாக விழ வேண்டும். தயங்கித் தள்ளினால் முட்டுகளின் நுனி ஒன்றோடொன்று தட்டித் தட்டி மழுங்கும், பிறகு கியர் தானாக வெளியே குதிக்கும். பக்குவமாக ஓட்டுவதில் பெயரெடுத்த சாரதியின் கையில்தான் டொக் கியர்பொக்ஸ் சீக்கிரம் கெடும் என்பது இந்த இயந்திரத்தின் வேடிக்கை.

சிங்க்ரோவுக்கு முந்திய மலைநாடு

1890களில் பிரான்சின் பனார் எ லெவாசோர் கார்களில் பற்களையே நகர்த்திக் கோக்கும் கியர் பெட்டி வந்தது. ஏர்ல் தொம்சன் வடிவமைத்த சிங்க்ரோ முறையை 1928இல் கடிலக் அறிமுகப்படுத்தியது. 1933இல் பிரிட்டனின் ஆல்விஸ், முன்னோக்கிய எல்லாக் கியர்களுக்கும் சிங்க்ரோ கொடுத்தது. தோட்டங்களுக்கு இந்தச் சொகுசு வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. துரைமார் ஓட்டிய பழைய லேண்ட் ரோவர்களில் முதல் இரண்டு கியர்களுக்குச் சிங்க்ரோ கிடையாது. 1971இல் வந்த மூன்றாம் வரிசையில்தான் நான்குக்கும் கிடைத்தது. மொரிஸ் மைனரின் முதல் கியருக்கும் சிங்க்ரோ கிடையாது. கொழுந்து ஏற்றிய ட்ரெய்லரை இழுத்த மெசி ஃபெர்கியூசன் 135 போன்ற ட்ரெக்டர்களிலோ, வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும்.

ஆகவே சிங்க்ரோ இல்லாத கியரை மலையில் சமாளிப்பது இங்கே புதிய வித்தையல்ல. பழைய லொறி, பஸ் சாரதிகள் அதை ‘டபுள் கிளச்’ என்பார்கள். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்றி, மீண்டும் கிளச்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுவது. காதுதான் மீற்றர். சத்தம் சரியான இடத்துக்கு வந்தால் கியர் எண்ணெயில் விழுந்ததுபோல் விழும், தவறினால் கரகரவென்று கத்தும். இறக்கத்தில் அந்தக் கத்தலுக்கு அர்த்தம் வேறு. வண்டி அப்போது நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கிறது, எஞ்சின் பிடிப்பு இல்லை, வேகம் கூடிக்கொண்டே போகிறது, கூடக்கூடக் கீழ் கியரைக் கோப்பது மேலும் கடினமாகிறது.

முச்சக்கர வண்டியில் இருப்பது எது?

‘டொக் கியரை வீதியில் ஓட்டவே முடியாது’ என்று அடித்துச் சொல்பவர்கள், தவலந்தென்ன சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிகளை மறந்துவிடுகிறார்கள். பஜாஜ் ஆர்.ஈ. வண்டியின் இடது கைப்பிடியைத் திருப்பியதும் கேட்கும் ‘டக்’ என்ற சத்தம் டொக் பூட்டு விழும் சத்தம். அதிலும் சரி, மோட்டார் சைக்கிள்களிலும் சரி, சிங்க்ரோ வளையம் கிடையாது. தோட்டத்து லயம்வரை ஏறும் அந்த வண்டிகள் வருடக்கணக்கில் அப்படித்தான் ஓடுகின்றன.

அங்கே ஒத்துவருவது காரில் ஏன் ஒத்துவருவதில்லை? எடைதான் காரணம். முச்சக்கர வண்டியில் கிளச் சிறிது, தண்டுகள் சிறிது, எஞ்சின் 200 சி.சி. அளவுதான். சுழலும் பாகங்களில் சேர்ந்திருக்கும் ஆற்றல் கொஞ்சம் என்பதால் அதிர்ச்சியும் கொஞ்சம். காரின் கிளச் தட்டும் தண்டுகளும் அதைவிடப் பல மடங்கு கனமானவை. அதே ‘டக்’ அங்கே இருக்கைவரை வந்து உதைக்கும்.

மகாகஸ்தோட்டயில் டொக் ஏன் வெல்கிறது

நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் அதுவும் நானுஓயாப் பக்கத்து ரதெல்ல மலையேற்றப் போட்டியும் மலையகத்தின் வேடிக்கைகளில் முக்கியமானவை. வண்டிகள் ஒவ்வொன்றாக மேலே பாய்கின்றன. எதிரி கடிகாரம் மட்டுமே. இத்தகைய போட்டிக்கு டொக் கியர்பொக்ஸ் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும். வீதி மூடப்பட்டிருக்கும், எஞ்சின் எப்போதும் உச்சச் சுற்றில் இருக்கும், ஒவ்வொரு மாற்றமும் முழு வேகத்தில் அடிக்கப்படும். கியர் மாற்றும் நேரத்தில் எஞ்சினின் இழுவை அறுபடும் கணம் குறைந்தால், ஏற்றத்தில் அது அப்படியே நேரமாக மிச்சப்படும். சமதரையில் வண்டி அந்தக் கணத்தில் உருண்டுகொண்டாவது இருக்கும். ஏற்றத்தில் அது வேகத்தை இழக்கிறது.

பெரிய பந்தயங்களில் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் இருப்பது ஆறு வேக, வரிசைமுறை டொக் கியர்பொக்ஸ். ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள துடுப்பை இழுத்தால் மின்னணுக் கட்டுப்பாடு எஞ்சினின் இழுவையை ஒரு கணம் அறுத்துக் கியரை மாற்றிவிடும். கீழ் கியருக்கு இறங்கும்போது ஆக்சிலேட்டரைத் தட்டிச் சுற்றைப் பொருத்துவதும் அதுவே. பழைய லொறிச் சாரதியின் காது செய்த வேலையைக் கணினி செய்கிறது. இந்த உதவிகள் இல்லாமல் வெறும் டொக் கியரை மட்டும் வாங்கி மாட்டினால், அந்த வேலை முழுவதும் சாரதியின் தலையில் விழும்.

ஏ5 வீதியில்

கொத்மலை நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 703 மீற்றர். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1868 மீற்றர். இந்த உயர வித்தியாசத்தை இறம்பொடை, லபுக்கலை வளைவுகள் வழியாக வண்டி ஏறியாக வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் நுவரெலியாவில் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்கு அளவை இழந்துவிடும். ஏறுகிற காருக்குத் தேவை சரியான விகிதமுள்ள இரண்டாம், மூன்றாம் கியர்கள். பூட்டு டொக்கா சிங்க்ரோவா என்பது அந்த ஏற்றத்துக்குப் பெரிய பொருட்டல்ல.

உண்மையான சோதனை மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது, கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுபோவது. வண்டி நிற்கும்போது டொக் முட்டும் எதிர் முட்டும் நுனிக்கு நுனி நின்றுவிட்டால் முதலாம் கியர் விழவே விழாது. கிளச்சைச் சற்று விட்டுத் தண்டைத் திருப்பி மறுபடி முயல வேண்டும். பின்னால் லொறி ஒட்டி நிற்க, கை பிரேக்கை நம்பி ஏற்றத்தில் இதைச் செய்வது நரம்பைச் சோதிக்கும் வேலை. சிங்க்ரோ கியரில் இருப்பவை சிறிய, கூரான பல பற்கள் என்பதால் இந்தத் தகராறு அரிது. வரிசைமுறைப் பெட்டியானால் இன்னொரு தொல்லையும் உண்டு. நான்கிலிருந்து ஒன்றுக்கு நேரே தாவ முடியாது, மூன்றையும் இரண்டையும் கடந்தே வர வேண்டும்.

இரண்டாவது, சீசன் கால வாகன நெரிசலில் ஊர்வது. டொக் முட்டுகளுக்கிடையில் வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி, மெதுவாக ஊரும்போது முன்னும் பின்னும் அடிக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் ஓர் உதை, தொட்டால் ஓர் உதை. பின் இருக்கையில் குழந்தை தூங்காது.

மூன்றாவதுதான் கனமானது: மழையிலும் பனிமூட்டத்திலும் இறங்குவது. 2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் இ.போ.ச. பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்தக் காரணத்தால் வந்த பிழையையும் இந்த வீதி பொறுக்காது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றுவது கீழ் கியர். டொக் வகையில் ஒவ்வொரு கீழ் மாற்றத்துக்கும் எஞ்சின் சுற்றைச் சாரதியே பொருத்த வேண்டும். நனைந்த வீதியில் பொருத்தம் தப்பினால் அந்த அதிர்ச்சி ஓட்டும் சக்கரங்களைக் கணநேரம் வழுக்கச் செய்யலாம். கியர் விழாமலே போனால் நியூட்ரல். களைத்த சாரதி, நனைந்த செருப்பு, இருட்டு ஆகியவற்றோடு ஒவ்வொரு வளைவிலும் அந்தத் திறமையை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

சத்தம், பலம் பற்றிய குழப்பம்

பந்தயக் காரின் கியர்பொக்ஸிலிருந்து வரும் ஊளைச் சத்தத்தை டொக் சத்தம் என்பார்கள். அது தவறு. ஊளையிடுவது நேராக வெட்டிய பற்கள். வீதிக் கார்களில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் ஒரு பல் விலகுமுன் அடுத்தது மெல்ல ஏற்றுக்கொள்கிறது, சத்தம் அடங்குகிறது. அதற்கு விலையாகத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை உண்டாகும். நேர்வெட்டில் அது இல்லை. பற்களின் வெட்டும் பூட்டின் வகையும் தனித்தனிச் சங்கதிகள். சாய்வுப் பல்லோடு டொக் பூட்டும் செய்யலாம், நேர்ப் பல்லோடு சிங்க்ரோவும் செய்யலாம். பலமும் அப்படியே. டர்போவைக் கூட்டி மூன்றாம் கியரின் பற்களை உடைத்தவருக்கு வேண்டியது அகலமான, நல்ல எஃகில் செய்த பற்கள். டொக் பூட்டு மட்டும் அவற்றைக் காப்பாற்றாது. சந்தையில் இரண்டும் ஒரே செட்டாக வருவதால் குழப்பம் நீடிக்கிறது.

எதை வாங்குவது

வருடத்தில் சில நாள் மலையேற்றப் போட்டிக்கும் மிச்ச நாள் வேலைக்கும் ஒரே காரை ஓட்டுபவர், முதலில் இறுதி விகிதத்தையும் கியர் விகிதங்களையும் பார்க்கலாம். நெருக்கமான விகிதமுள்ள சிங்க்ரோ செட்டும், வளைவில் உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் எல்.எஸ்.டி.யும் இந்த வீதியில் டொக் கியரைவிட அதிகம் கொடுக்கும். 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை 2025இல்தான் தனியார் கார்களுக்கு நீங்கியது. அந்த வருடங்கள் பழைய கார்களை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டன. ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த கியர்பொக்ஸைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடலாம். உடைந்த டொக் வளையத்தை அங்கே தேடிக் காலத்தைக் கழிக்க வேண்டாம், வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். ட்ரெய்லரில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகும், வீதியில் ஓடாத காருக்கு இந்த எச்சரிக்கைகள் பொருந்தா. அதற்கு டொக்கே சரி.

சிங்க்ரோவை வைத்துக்கொள்பவர் அதன் எண்ணெயில் கவனம் வைக்க வேண்டும். ஜி.எல்.4 தரம் கேட்கும் பெட்டிக்கு, கனத்த வேலைக்கென்று ஜி.எல்.5 ஊற்றுவது பரவலான தவறு. அதிலுள்ள கந்தக, பொஸ்பரஸ் சேர்க்கைகள் சில வகைகளில் பித்தளை வளையத்தை அரிக்கும். அளவுமீறிய வழுக்கலால் வளையம் பிடிக்க வேண்டிய உரசலும் குறையும். நுவரெலியாக் குளிரில் விடியற்காலை முதல் சில மாற்றங்களில் இரண்டாம் கியர் இறுகுவது எண்ணெய் தடித்திருப்பதால். ஓடி நன்றாகச் சூடான பிறகும் கரகரத்தால் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். பாவித்த கார் வாங்கப்போகிறவர் அதை இறக்கத்தில் மூன்றாம் கியரில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்க்கட்டும். லீவர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால், பூட்டு எந்த வகையாக இருந்தாலும் அந்தக் கியர்பொக்ஸைத் திறக்காமல் விலை பேசக்கூடாது.