ஒஸ்கார் ராபினும் லியனோசோவோ ஓவியரும்

சோவியத்து நாட்டிலே ஓவியன் என்னும் பெயர் தூரிகையாற் பெறப்பட்டதன்று, அரசாற் கொடுக்கப்பட்டது. 1932ஆம் ஆண்டிலே சுயாதீனமாயியங்கிய கலைக்குழுக்கள் யாவும் கலைக்கப்பட்டன. அதன் பின்னர், ஓவியர் சங்கத்தில் உறுப்புரிமை பெற்றோருக்கே கண்காட்சிச் சாலையும் வேலைக்கூடமும் அரசின் பணிகளும் உரியவாயின. சங்கத்துக்குப் புறம்பே நின்று படந் தீட்டியவன் சட்டத்தின் கண்ணிலே தொழிலற்றவன். 1961ஆம் ஆண்டிலே, உழையாது உண்போரைத் தண்டிக்கும் ஆணை பிறந்தபின், அத்தகையோன் தலைநகரினின்றும் துரத்தப்படுதலுங் கூடுமாயிற்று. இந்நிலையிலும் தன் போக்கை விடாதவர் ஒஸ்கார் ராபின்.

1928ஆம் ஆண்டிலே மொஸ்கோவில் வைத்தியத் தம்பதியருக்கு மகனாய்ப் பிறந்த ராபின், இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். ஆசானும் தந்தையுமாய் அவருக்கு வாய்த்தவர் எவ்கேனி குரொப்பிவ்னித்ஸ்கி. ஓவியரும் கவிஞருமாகிய அப்பெரியாரின் மகள் வலன்தீனாவையே அவர் பின்னர் மணந்தார். ரீகாவிலும், மொஸ்கோவின் சூரிக்கோவ் கலைநிலையத்திலும் பயின்ற அவர், பின்னையதினின்றும் விரைவில் நீக்கப்பட்டார். பின்னர்ப் பல ஆண்டுகள் புகையிரதச் சுமை இறக்கும் வேலைத்தலத்திலே கழிந்தன.

மொஸ்கோவின் வடபுறத்துள்ள லியனோசோவோவிலே, ஒரு காலத்திற் கைதிகள் முகாமாயிருந்த மரக்கொட்டில்களுள் ஒன்றில் அவர் குடும்பத்துடன் வாழ்ந்தார். 1950களின் பிற்பகுதி தொடக்கம் ஞாயிறுதோறும் அவ்வறைக் கதவு யாவர்க்குந் திறந்திருந்தது. நெமூகினும் மாஸ்தர்க்கோவாவும் தம் படங்களைக் காட்டினர். ஹோலினும் சப்கீரும் கவிதை படித்தனர். மாணவரும் வந்தனர், வெளிநாட்டாரும் வந்தனர். மேனாட்டார் இதனைத் தலைமறைவுக் கலை என வழங்குவர். கதவைத் திறந்து வைத்து விருந்தினரை வரவேற்ற இடத்துக்கு அப்பெயர் எத்துணைப் பொருந்தும் என்பது சிந்தித்தற்குரியது.

அவர் தீட்டியவைதாம் யாவை? பனியிற் புதைந்த கொட்டில்கள், விளக்கு, வொட்காப் போத்தல், செய்தித்தாளின்மேற் கிடக்கும் உப்பிட்ட மீன். கபில நிறமும் கரிய வரைகோடும் அவற்றிலே மிகுந்திருந்தன. ஆட்சியைத் தாக்கும் முழக்கம் எதுவும் அவற்றில் எழுதப்படவில்லை. ஆயினும், 1960ஆம் ஆண்டிலே மொஸ்கோவின் இளைஞர் நாளேடு ஒன்று, ‘குப்பைமேடு எண் 8’ என்னும் அவரது படத்தின் பெயரையே எடுத்து, அதன் பூசாரிகள் என இக்குழுவினரை எள்ளியது. 1963இல் முதியவராகிய குரொப்பிவ்னித்ஸ்கியும் சங்கத்தினின்றும் விலக்கப்பட்டார். அரசு விரும்பிய ‘சோசலிச யதார்த்தம்’ நாளை வரப்போகும் வாழ்வை இன்றே வந்துவிட்டதாகத் தீட்டுமாறு கேட்டது. ராபினோ இன்றைய வாழ்வை இன்றையதாகவே தீட்டினார். அவர் செய்த குற்றம் இதுவே என்பது எமது கருத்து. 1965இல் இலண்டனிலே அவருடைய படங்களுக்குத் தனிக்கண்காட்சி நிகழ்ந்தது. தாய்நாட்டிலோ, 1967இல் நண்பருடன் அவர் பங்குபற்றிய கழகக் கண்காட்சி இரண்டு மணி நேரத்துள் மூடப்பட்டது.

மண்டபம் கிடையாதெனின் வெட்டவெளி கிடைக்குமன்றோ? 1974ஆம் ஆண்டு செத்தெம்பர் 15ஆம் நாள், பெலியாயேவோவின் வெறுநிலத்திலே ராபினும் தோழரும் படங்களைக் கையிலேந்தி நின்றனர். பூங்கா அமைக்க வந்தவர் என்ற போர்வையில் ஆட்கள் பாய்ந்தனர். புல்டோசர்கள் படங்களை நசுக்கின. தெருக் கழுவும் வண்டிகள் நீரைப் பீய்ச்சின. புல்டோசரின் அலகைப் பற்றித் தொங்கிய ராபின் சிறிது தூரம் இழுபட்டார். வெளிநாட்டு நிருபரும் தாக்கப்பட்டமையால் செய்தி உலகெங்கும் பரந்தது. நாணமுற்ற அரசு இரு வாரத்தின் பின், இஸ்மாயிலோவோப் பூங்காவில் நான்கு மணி நேரக் கண்காட்சிக்கு இசைந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர்.

1972ஆம் ஆண்டிலே ராபின் தமது கடவுச்சீட்டையே பெரும்படமாகத் தீட்டியிருந்தார். இறக்கும் இடம் எது என்பதற்கு நேரே, வேலியோரத்திலா, இஸ்ரவேலிலா என்ற ஐயத்தையும் அதில் எழுதினார். ஆறாண்டின் பின், 1978இல், பிரான்சு சென்றிருந்த வேளையிலே அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது. 1990இல் அது மீண்டபோதும் அவர் பாரிசிலேயே வாழ்ந்தார். 2018ஆம் ஆண்டு நவெம்பர் 7ஆம் நாள், தொண்ணூறாவது வயதில், இத்தாலியின் புளோரன்சு நகரிலே அவர் காலமானார்.