பொலியும் பங்கிலாபமும்

கரடியனாற்றுப் பக்கத்து வயல்களில் காணி போடியாருடையது, பாடு முல்லைக்காரனுடையது. சூடு மிதித்துப் பொலி தூற்றியதும் களத்தில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: எவ்வளவைப் பங்கிடுவது, எவ்வளவை விதைநெல்லாக ஒதுக்குவது? கம்பனிகளின் பங்கிலாபக் கொள்கையும் இதே கேள்விதான். 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் உருவானது தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டவே. தோட்டத்தைக் கண்ணால் காணாத பங்காளருக்குக் கைக்கு வந்த பங்கிலாபமே நம்பத்தக்க சாட்சி. 1956இல் பொருளியலாளர் ஜோன் லின்ட்னர் அமெரிக்கக் கம்பனிகளில் கண்டதும் இதற்கு இசைவானது: லாபம் ஏறியவுடன் முகாமையாளர்கள் பங்கிலாபத்தை ஏற்றமாட்டார்கள், பின்னர் குறைக்க நேருமோ என்று அஞ்சி மெல்ல மெல்லவே கூட்டுவார்கள். குறைத்தால் பங்கு விலை சரியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பங்கிலாபக் கொள்கை கம்பனியின் பெறுமதியை மாற்றும் என்பதைப் பொருளியலாளர்களான மில்லரும் மொடிக்லியானியும் 1961இல் மறுத்தார்கள்: வரியும் தரகும் இல்லாத, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த சந்தையில், முதலீட்டுத் திட்டம் மாறாதவரை, எவ்வளவு பங்கிட்டாலும் கம்பனியின் பெறுமதி மாறாது. கணக்கு சரிதான். பங்கிலாப உரிமை கழியும் நாளில் விலை ஏறக்குறைய அந்தளவு இறங்குவது, மூட்டை வண்டியேறியதும் குவியல் குறைவது போலத்தான். ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த சந்தை எங்கே இருக்கிறது? வயலுக்கு வராத போடியார், களத்திலிருந்து வந்த மூட்டைகளை எண்ணித்தான் விளைச்சலை மதிப்பிட முடியும்.