மென்பொருள் சேவை ஒப்பந்த மேலாண்மை

ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்துக்கு மென்பொருளை உருவாக்கித் தரவோ பராமரிக்கவோ ஒப்புக்கொண்டபின், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும் குழு அன்றாடம் செய்வதும் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பணி. இந்திய ஐ.டி. நிறுவனங்களில் இது பெரும்பாலும் டெலிவரி மேனேஜரின் பொறுப்பு. வாசகங்களைச் சட்டப்பிரிவு எழுதும். கையெழுத்தை விற்பனைப் பிரிவு வாங்கிவரும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அந்தத் தாள்களோடு வாழ்பவர்கள் மேனேஜரும் அவருடைய குழுவும்தான்.

வழக்கமாக ஆவணங்கள் இரண்டு அடுக்காக இருக்கும். எம்.எஸ்.ஏ. எனப்படும் தலைமை ஒப்பந்தம் ரகசியக் காப்பு, அறிவுசார் சொத்துரிமை, இழப்பீட்டு வரம்பு, பிணக்குத் தீர்வு போன்ற பொது விதிகளைச் சொல்லும். அதன்கீழ் ஒவ்வொரு வேலைக்கும் எஸ்.ஓ.டபிள்யூ. எனும் பணி விவர ஆவணம் போடப்படும்: என்ன வேலை, எத்தனை பேர், எந்தத் தேதிக்குள், என்ன தொகை. தொகை மணிக்கணக்கில் இருந்தால் கூடுதல் நேரத்தின் செலவு வாடிக்கையாளருடையது. மொத்தமாகப் பேசி முடித்த ஃபிக்ஸட் பிரைஸ் என்றால் சேவை நிறுவனத்துடையது.

இந்த இரண்டாவது வகையில்தான் பெரும்பாலான சிக்கல்கள் முளைக்கின்றன. காலை அழைப்பில் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர், "இந்த ரிப்போர்ட்டில் இன்னொரு ஃபில்டர் வைத்துவிடுங்களேன்" என்பார். புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் மாலைக்குள் வைத்தும் விடுவார். அந்த ஃபில்டருக்காக வேறொரு டேபிளிலிருந்து தரவு எடுக்கவேண்டி வரும். ஏற்கெனவே முடிந்த சோதனைகளை மறுபடி ஓட்டவேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாததால், ஏற்புச் சோதனையின்போது அந்த ரிப்போர்ட் மெதுவாகத் திறந்தால் அது சேவை நிறுவனத்தின் பிழையாகவே பதிவாகும். புரோகிராமரைக் கடிந்துகொள்வதால் இது தீராது. எஸ்.ஓ.டபிள்யூ.வை மேனேஜரின் கணினிக்குள் பூட்டிவைக்காமல் குழுவில் எல்லோரும் படிக்கச் செய்வதே வழி. எல்லை தெரிந்தவர், "எழுத்தில் ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டுவிடலாம் சார்" என்று தயங்காமல் சொல்வார்.

மின்னஞ்சலில் போகிறபோக்கில் எழுதும் ஒரு சம்மதத்துக்கும் கனம் உண்டு. மின்னணு வழியில் உருவான ஒப்பந்தம் அந்த ஒரு காரணத்தால் செல்லாததாகிவிடாது என்கிறது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தம் சேர்த்த 10ஏ பிரிவு. ட்ரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என 2010இல் தீர்ப்பளித்தது.

பராமரிப்பு ஒப்பந்தங்களில் சேவைத்தர உறுதிமொழி, அதாவது எஸ்.எல்.ஏ., முதன்மையானது. மாதத்தில் 99.9 சதவீத நேரம் அமைப்பு இயங்கவேண்டும் என்றால், 30 நாளில் சுமார் 43 நிமிடம் மட்டுமே நிற்கலாம். 99.99 என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். தாளில் ஓர் ஒன்பதைக் கூட்டுவது எளிது. அந்த ஒன்பதுக்காக நள்ளிரவு ஷிப்டுக்கு ஆள் போடவேண்டும். அவருக்கு மாற்று ஆளும் வேண்டும். ஷிப்டு அட்டவணையைப் பார்க்காமல் எஸ்.எல்.ஏ.வுக்குச் சம்மதிப்பது குழுவுக்குச் செய்யும் அநீதி. எஸ்.எல்.ஏ. தவறினால் கட்டணத்தில் கழிவு தரும் ஏற்பாடும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்த மீறலுக்கென முன்கூட்டியே குறித்த தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை வேலை செய்யப்போகிறவர்களைக் கேட்காமல் எழுதுவதன் விலைக்கு, பிரிட்டனின் பிஸ்கைபி – இ.டி.எஸ். வழக்கு பெரிய சான்று. தொலைக்காட்சி நிறுவனமான பிஸ்கைபிக்கு வாடிக்கையாளர் சேவை அமைப்பொன்றை உருவாக்க 2000இல் இ.டி.எஸ். ஒப்பந்தம் போட்டது. பணி தடுமாறியது, வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. தேவைப்படும் காலத்தை முறையாக ஆராயாமலேயே, ஆராய்ந்ததாகச் சொல்லி இ.டி.எஸ். ஒப்பந்தத்தைப் பெற்றது என 2010இல் தீர்ப்பு வந்தது. இழப்பீட்டு வரம்பு ஒப்பந்தத்தில் 3 கோடி பவுண்டு. மோசடியான கூற்றுக்கு அந்த வரம்பு காப்பாகவில்லை, முடிவில் 31.8 கோடி பவுண்டு கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டது.

தேதி நெருங்கும்போது ஆட்களைக் கூட்டுவது மேலிடங்களின் வழக்கமான பதில். ஐ.பி.எம். 360 இயங்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான பணியில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். புதியவர்களுக்குக் கற்றுத்தர, வேலை தெரிந்தவர்களின் நேரமே செலவாகிறது. ஆகவே தாமதம் தெரிந்த அன்றே வாடிக்கையாளரிடம் சொல்லித் தேதியையோ வேலையின் அளவையோ மாற்றி எழுதிக்கொள்வது மேனேஜரின் கடமை. கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரைத் திட்டாத குழுவில்தான் அந்தத் தாமதம் நேரத்தோடு மேலே வரும்.

ஒப்பந்தம் முடியும் காலத்துக்கான கையளிப்பு விதியைப் பலரும் கடைசியில்தான் படிக்கிறார்கள். கடவுச்சொற்கள், மூல நிரல், இயக்கக் குறிப்புகள் ஆகியவற்றோடு, புதிய குழுவுக்கு எத்தனை வாரம் பயிற்சி தரவேண்டும் என்பதும் அதில் இருக்கும். அந்த வாரங்களில் குழுவினர் அடுத்து எங்கே என்ற கவலையோடு வேலை செய்வார்கள். அவர்கள் வேலையின்றிக் காத்திருக்கும் பெஞ்சுக்குப் போகாதபடி அடுத்த பணியிடத்தை முன்பே பேசிவைக்கும் மேனேஜரின் குழுவில் கையளிப்பும் ஒழுங்காக நடக்கும்.