குற்றத்தாற் பாதிக்கப்பட்டோரும் அரசின் கடப்பாடும்: ஐக்கிய அமெரிக்க மாநிலங்களின் அனுபவம்

குற்றவாளியைத் தண்டித்தல் அரசின் கடமை என்பது தொன்றுதொட்டு ஏற்கப்பட்ட கொள்கையாகும். குற்றத்தினாற் புண்பட்டவரைத் தாங்குதலும் அதன் கடமையே என்பதோ மிக அண்மையிலேயே ஏற்கப்பட்டது. பண்டைய பாபிலோனில் ஹமுராபியின் சட்டம், கள்வன் அகப்படாதவிடத்து இழந்த பொருளை நகரமும் அதன் தலைவனும் ஈடுசெய்ய வேண்டுமென விதித்தது. பின்வந்த சட்டமுறைகளிற் குற்றம் அரசுக்கெதிரான செயலாகக் கருதப்படவே, தண்டப்பணம் திறைசேரியைச் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர் வெறுஞ் சாட்சியாயினர்.

இந்நிலை மாறவேண்டுமென 1950களில் இங்கிலாந்தில் மார்ஜரி பிறை அம்மையார் வாதாடினார். 1958இல் அவர் மறைந்தபின்னரே அவரது கருத்துப் பலனளித்தது. 1963இல் நியூசிலாந்து நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. 1964இல் பிரித்தானியா தன் திட்டத்தைத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்க மாநிலங்களுள் 1965இல் கலிபோர்னியா முன்னோடியாயிற்று. எனினும், ஆரம்பத்தில் அங்கு வறுமை நிலையை ஆராய்ந்தே உதவி வழங்கப்பட்டது. அஃது உரிமையாகவன்றி அறக்கொடையாகவே கருதப்பட்டமைக்கு இதுவே சான்றாகும்.

பணம் மாத்திரம் புண்ணை ஆற்றாது. வைத்தியசாலையில் உடனிருக்கவும், நீதிமன்றுக்குத் துணைசெல்லவும், அடைக்கலந் தரவும் ஆட்கள் வேண்டும். 1970களின் தொடக்கத்திற் பெண்கள் இயக்கத்தினரும் பிற தொண்டர்களும் இத்தகைய நிலையங்களை நிறுவினர். இவற்றுக்கு நிலையான நிதி ஏது என்ற வினா அப்போதே எழுந்தது.

1984இற் காங்கிரஸ் இயற்றிய சட்டம் இதற்கொரு விடை கண்டது. வரிப்பணத்தைத் தொடாது, சமஷ்டிக் குற்றவாளிகள் செலுத்தும் தண்டப்பணத்தை ஒரு நிதியமாக்கி, அதனை மாநிலங்களுக்குப் பகிர்ந்தது. குற்றஞ் செய்தோரே அதன் விளைவுக்கும் செலவிடுதல் நீதியெனத் தோன்றியது. ஆனால் அவ்வருவாய் நிலையானதன்று. பெருங் கம்பனிகள் தண்டிக்கப்பட்ட ஆண்டுகளில் நிதியம் பெருகிற்று. வழக்கை ஒத்திவைக்கும் உடன்படிக்கைகளின் மூலம் அவை செலுத்திய பணமோ பொதுத் திறைசேரிக்கே போயிற்று. அதனையும் நிதியத்திற் சேர்க்க 2021இற் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் தட்டுப்பாடு தீரவில்லை. 2024இற் கலிபோர்னியா தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே 10 கோடி 30 இலட்சம் டொலரை ஒதுக்க நேர்ந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? எங்கோ ஒரு கம்பனி தண்டிக்கப்படாத ஆண்டில், அடிபட்ட பெண்ணொருத்திக்கு அடைக்கலம் இல்லாது போதல் நீதியாகாது. தண்டப்பணம் துணைநிதியாகலாம், அடிநிதியாகாது. சிறைச்சாலைக்கும் நீதிமன்றுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் அரசு, பாதிக்கப்பட்டோருக்கும் அவ்வாறே ஒதுக்கும்போதுதான் அறக்கொடை உரிமையாக மாறும்.