ஐந்து எட்டுகளின் கணக்கு

பணச்சந்தை வீழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்களைக் கொண்டே எழுதுகிறார்கள். குறியீட்டெண் எத்தனை புள்ளி சரிந்தது, எத்தனை கோடி மறைந்தது என்பதோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அந்த எண்களுக்குப் பின்னால் நின்ற செருக்கும் சினமும் தோல்வியச்சமும் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. சில நிகழ்வுகளில் மட்டும், விசாரணை அறிக்கைகளின் துணைகொண்டு இவற்றை அடியொற்றிச் செல்ல முடிகிறது. 1995-இல் இலண்டனின் பேரிங்ஸ் வங்கி வீழ்ந்த கதை அத்தகையது.

1762-இல் தொடங்கப்பட்ட வங்கி அது. 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை அமெரிக்கா விலைக்கு வாங்கியபோது அதற்கான பணத்தைத் திரட்டித் தந்த இரு நிறுவனங்களில் ஒன்று. இங்கிலாந்து அரசியாரே அதன் வாடிக்கையாளர். இத்தகைய வங்கியை ஒரே நாளில் செல்லாக்காசாக்கிய பழி நிக் லீசன் என்ற 28 வயது இளைஞர் மேல் விழுந்தது. பழி பொருந்தாதது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வீழ்ச்சியை ஒருவருடைய பேராசை என்று சுருக்கிவிட்டால், அதில் நாம் கற்க வேண்டியது தவறிப்போகும்.

லீசன் வாட்ஃபோர்டில் சுவர்ப்பூச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். 1989-இல் பேரிங்ஸில் சேர்ந்து, ஜகார்த்தா அலுவலகத்தில் குவிந்து கிடந்த பத்திரக் குழப்பங்களைத் தீர்த்துப் பெயரெடுத்தார். பிரிட்டனில் வணிக உரிமம் கோரியபோது, கடன் தொடர்பாகத் தமக்கு எதிராக வந்திருந்த நீதிமன்றத் தீர்ப்பை மறைத்தார், விண்ணப்பம் தேறவில்லை. சிங்கப்பூருக்கு விண்ணப்பித்தபோதும் அதே தீர்ப்பு மறைக்கப்பட்டது. குறையை ஒப்புக்கொள்வதைவிட மறைப்பது எளிது என்ற பாடத்தை அவர் வணிகத்திற்குள் நுழையும் முன்பே கற்றிருந்தார் என்று தோன்றுகிறது.

1992-இல் அவர் சிங்கப்பூர் சென்றார். சிமெக்ஸ் என்ற முன்பேரச் சந்தை அப்போது அங்கே இயங்கிவந்தது. 1999-இல் அது சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையோடு இணைக்கப்பட்டது. ஜப்பானின் நிக்கேய் குறியீட்டெண் மீதான ஒப்பந்தங்கள் ஒசாகாவிலும் சிங்கப்பூரிலும் விற்பனையாயின. இரு சந்தைகளுக்கும் இடையில் எழும் சிறு விலை வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஓரிடத்தில் வாங்கி மற்றோரிடத்தில் விற்று இலாபம் காண்பதே அவருக்கு அனுமதிக்கப்பட்ட பணி. இதில் இலாபம் குறைவு, இடரும் குறைவு. சந்தைக் களத்தில் வாங்கி விற்பதும் அவர் பொறுப்பு, அக்கணக்குகளைச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு என்று வங்கி அமைத்திருந்தது. களவாடும் வாய்ப்புள்ளவரிடமே சாவியையும் ஒப்படைத்த ஏற்பாடு.

1992 ஜூலையில், புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் வாங்க வேண்டிய 20 ஒப்பந்தங்களைத் தவறுதலாக விற்றுவிட்டார். நட்டம் ஏறக்குறைய 20,000 பவுண்டு. அதை மேலிடத்திற்குச் சொல்லாமல் 88888 என்ற எண்ணுடைய கணக்கில் ஒளித்துவைத்ததாக லீசன் தம் நூலில் கூறுகிறார். எட்டு என்பது சீனர் வழக்கில் நல்லூழைக் குறிக்கும் எண். அந்தக் கணக்கு ஜூலை 3 அன்றே திறக்கப்பட்டுவிட்டது என்று இங்கிலாந்து வங்கியின் விசாரணை அறிக்கை காட்டுவதால், அவர் கதையை முழுவதும் நம்ப வேண்டியதில்லை. எனினும் தொடக்கத்தில் தொகை சிறிது என்பதில் ஐயமில்லை. அன்று சொல்லியிருந்தால் ஒரு கடிந்துரையோடு முடிந்திருக்கும்.

மறைத்த நட்டம் 1992 இறுதியில் 20 இலட்சம் பவுண்டு. 1993 இறுதியில் 2.3 கோடி, 1994 இறுதியில் 20.8 கோடி. இடையில், 1993-இன் நடுவில், நட்டம் முழுவதையும் ஒருமுறை மீட்டுவிட்டதாகவும் இனி அந்தக் கணக்கைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டதாகவும் லீசன் எழுதுகிறார். அந்த மீட்சியே அவருக்கு நேர்ந்த பெருங்கேடு என்பேன். தோற்றிருந்தால் 1993-இலேயே அகப்பட்டிருப்பார். வென்றதால், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சந்தை திரும்பும் என்ற நம்பிக்கை அவருக்குள் வேரூன்றியது. உறுதி சில நாள்களில் காற்றோடு போயிற்று.

இந்த மனநிலை லீசனுக்கு மட்டும் உரியதன்று. டேனியல் கானெமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி பெரிது என்று காட்டியது. இழப்பில் நிற்பவன் அந்த வலியிலிருந்து தப்பிக்க, இயல்பாகத் தான் ஏற்காத இடரையும் ஏற்கத் துணிகிறான். நம்மவர்க்கு இது புதிதன்று. இழக்க இழக்க அதன்மேல் பற்று வளர்வதே சூதின் இயல்பு என்பதைத் திருக்குறளின் சூது அதிகாரம் என்றோ கண்டு சொல்லிவிட்டது.

அச்சம் லீசனுடையது என்றால், செருக்கு பெரிதும் இலண்டனுடையது. 1994-இல் சிங்கப்பூர்க் கிளை 2.85 கோடி பவுண்டு இலாபம் ஈட்டியதாகக் கணக்குக் காட்டப்பட்டது. இடரே இல்லாத வணிகத்தில் இத்தனை இலாபம் எப்படி என்று எவரும் அழுத்திக் கேட்கவில்லை. பங்கு வணிகத்தில் பணம் ஈட்டுவது அப்படியொன்றும் கடினமன்று என்று வங்கித் தலைவர் பீட்டர் பேரிங் 1993-இல் இங்கிலாந்து வங்கி அதிகாரியிடம் கூறியது பின்னாளில் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. 1994-இல் உள்தணிக்கையாளர், வணிகமும் கணக்குச் சரிபார்ப்பும் ஒருவரிடமே இருத்தல் தகாது என்று எழுதினர். அந்தப் பரிந்துரை ஏட்டளவில் நின்றது. பொன்முட்டையிடும் வாத்தின் கூட்டுக்குள் எட்டிப்பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

இதே வங்கி 1890-இலும் ஒருமுறை செருக்கால் தடுமாறியது. அர்ஜென்டினாவின் கடன் பத்திரங்களை அளவுக்கு மீறி ஏற்று, விற்க முடியாமல் திணறியபோது, இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் வில்லியம் லிடர்டேல் பிற வங்கிகளைக் கூட்டிப் பொறுப்புறுதி நிதி திரட்டி அதைக் காத்தார். அந்தப் பாடம் நூறாண்டுகளில் மறந்துபோயிற்று.

1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிக்கேய் பெரிதும் அசையாது என்ற கணிப்பில் லீசன் ஏராளமான ஆப்ஷன்களை விற்றிருந்தார். ஜனவரி 23 அன்று அந்தக் குறியீட்டெண் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. இதற்குப் பின் அவர் செய்தவற்றில் அச்சத்தோடு சினமும் கலந்திருப்பதைக் காண்கிறேன். சந்தை தவறு, நான் சரி என்று வழக்காடுவது போல் அவர் மேலும் மேலும் வாங்கினார். தனி ஒருவராகக் குறியீட்டெண்ணைத் தூக்கி நிறுத்த முயன்றார். இறுதியில் அவர் கையில் 60,000-க்கும் மேற்பட்ட நிக்கேய் ஒப்பந்தங்கள் இருந்தன. சந்தைக்கோ அவர்மேல் பகையும் இல்லை, நட்பும் இல்லை. அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பதே அதற்குத் தெரியாது.

அவர் கேட்ட ஈட்டுத்தொகையை இலண்டன் அனுப்பிக்கொண்டே இருந்தது. தணிக்கையாளர் 778 கோடி யென் எங்கே என்று வினவியபோது, நியூயார்க் நிறுவனம் ஒன்று அதைத் தர வேண்டியிருப்பதாகப் போலிக் கடிதம் புனைந்தார். அந்தத் தொலைநகலின் மேல்விளிம்பில் அவர் வீட்டு இயந்திரத்தின் அடையாளம் அச்சாகியிருந்தது. அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

பிப்ரவரி 23 அன்று, வருத்தம் தெரிவிக்கும் சிறு குறிப்பொன்றை எழுதிவைத்துவிட்டு லீசன் சிங்கப்பூரை விட்டு ஓடினார். 26-ஆம் நாள் வங்கி வீழ்ந்தது. ஒப்பந்தங்கள் இன்னும் முடிக்கப்படாததால் நட்டத்தின் எல்லையை எவராலும் வரையறுக்க முடியவில்லை. ஆகவே 1890 போல் கைகொடுக்க எவரும் முன்வரவில்லை. மொத்த இழப்பு 82.7 கோடி பவுண்டு. தொடக்க நட்டத்தின் நாற்பதாயிரம் மடங்குக்கும் மேல். டச்சு நிறுவனமான ஐஎன்ஜி ஒரு பவுண்டு விலைக்கு வங்கியை வாங்கியது. பிராங்பர்ட்டில் பிடிபட்ட லீசன் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1999-இல் விடுதலையானார்.

செருக்கையும் சினத்தையும் அச்சத்தையும் மன உறுதியால் வெல்லலாம் என்று வணிக நூல்கள் பல கூறுகின்றன. லீசனும் உறுதி பூண்டவர்தான். தனியறையில் எடுத்த உறுதியைத் தனியறையிலேயே முறிக்கவும் முடியும். நட்டத்தைப் பார்க்க வேறொரு கண் வேண்டும். இந்த அளவு இழந்தால் விலகுவேன் என்ற எல்லையை, மனம் அமைதியாக இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். சிறு தவறைச் சொல்பவன் இழிவுபடாத சூழல் வேண்டும். பேரிங்ஸில் இம்மூன்றுமே இல்லை.

இதை அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்க இயலாது. இந்தியாவில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்ததாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இழந்தவர்களில் பெரும்பாலோர் விலகவில்லை, தொடர்ந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. அவர்களுள் எத்தனை பேர் வீட்டில் சொல்லியிருப்பார்கள்? கைப்பேசிக்குள் ஆளுக்கொரு 88888 இருக்கக்கூடும். அந்தத் தொகை இன்னும் சிறிதாக இருக்கும்போதே, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.