மோக்லி தெரியும்... தூமாய் தெரியுமா? மைசூர் காட்டுல எடுத்த கிப்ளிங் படம்!

'ஜங்கிள் புக்'னு சொன்னதும் உங்களுக்கு மோக்லி, பாலு, 2016-ல வந்த டிஸ்னி படம்தானே ஞாபகம் வருது? ஆனா, ருட்யார்ட் கிப்ளிங் 1894-ல வெளியிட்ட அந்தப் புத்தகத்துல மோக்லி வராத கதைகளும் இருக்கு. அதுல ஒண்ணு, யானைப் பாகன் வீட்டுப் பையன் தூமாயோட கதை. 1937-ல அது 'எலிஃபென்ட் பாய்'ங்கிற படமா வந்துச்சு. காட்டுக் காட்சிகளை எடுத்தது மைசூர் சமஸ்தானத்துல. கணபதியில பைக்கை எடுத்து, சத்தியமங்கலம் போய், திம்பம் மலைப்பாதை ஏறினா அந்தப் பக்கம்தாங்க!

காட்டு யானைகளைப் பிடிக்கப் போற கூட்டத்துல தூமாயும் இருக்கான். 'யானைங்க டான்ஸ் ஆடுறதைப் பார்த்துட்டு வா, அப்புறம் உன்னைச் சேர்த்துக்கிறேன்'னு வெள்ளைக்கார அதிகாரி கிண்டல் பண்றார். நடக்கவே நடக்காதுன்னு அர்த்தம். பையன் நிஜமாவே பார்த்துட்டு வர்றான். இந்த முதுகெலும்பைப் படம் உடைக்கலை. மோக்லி கதை மாதிரி இதுல மிருகங்கள் பேசாது. அதனால நிஜ யானைகளை வெச்சே எடுக்க முடிஞ்சது.

மாற்றங்களும் உண்டு. கிப்ளிங் கதை நடக்குறது வடகிழக்கே காரோ மலையில. அதுல அப்பா உயிரோட இருக்கார். படத்துல அவரைப் புலி கொன்னுடுது.

இங்கதான் கொஞ்சம் நெஞ்சு கனக்குது. தூமாயா நடிச்ச சாபு, 1924-ல மைசூர் பக்கம் காராபூர்ல பிறந்தவர். அப்பா மகாராஜாவோட யானைப் பாகன். அவர் இறந்த பிறகு அரண்மனை யானைக் கொட்டடியிலயே வளர்ந்த பையனை ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பாரடேல் கண்டுபிடிச்சார். யானை மேல அவன் உட்காருற விதத்தைப் பாருங்க, அது நடிப்பே இல்லை. பக்கத்துலயே முகத்துல சாயம் பூசிக்கிட்டு 'இந்தியரா' நிக்கிற பிரிட்டிஷ் நடிகர்கள்தான் உறுத்துறாங்க.

ராபர்ட் ஃபிளாஹர்ட்டி காட்டுல டாக்குமென்டரி மாதிரி மாசக்கணக்கா எடுத்துட்டே இருந்தார். கதைக்கான மிச்சக் காட்சிகளை சோல்டன் கோர்டா லண்டன் பக்கம் டென்ஹாம் ஸ்டுடியோவில எடுத்தார். ஒட்டுப்போட்ட இடம் உங்களுக்கே தெரியும். இருந்தாலும் 1937 வெனிஸ் விழாவில சிறந்த இயக்குநர் விருது ரெண்டு பேருக்கும் கிடைச்சது.

சாபு லண்டன் போய், அப்புறம் ஹாலிவுட். 1942 'ஜங்கிள் புக்'ல மோக்லியும் அவர்தான். ஆனா அது கலிஃபோர்னியாவில செட் போட்டு எடுத்த காடு, புதையல் பின்னாடி ஓடுற கதை. 1944-ல அமெரிக்கக் குடிமகன் ஆகி, உலகப் போர்ல விமானத்துல துப்பாக்கி வீரரா இருந்தார். 1963-ல, 39 வயசுல இறந்துட்டார்.

படம் வெறும் 80 நிமிஷம், கறுப்பு வெள்ளை. யானைக் கூட்டத்தை வளைச்சு அடைக்கிற கெட்டா காட்சியை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. மைசூர் காடுகள்ல கடைசி கெட்டா 1971-ல காக்கனகோட்டையில நடந்தது.