கரை சேர்ந்த மணலும் கரை இழந்தவர்களும்

1

'மணல்ல என்னய்யா வரலாறு இருக்கு?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மன்னர்களுக்கு வரலாறு உண்டு, கட்சிகளுக்கு உண்டு, இப்போது விளிம்புநிலை மக்களுக்கும் வரலாறு எழுதத் தொடங்கியிருக்கிறோம். மணல் பாவம், காலுக்குக் கீழே கிடக்கிறது.

ஆனால் மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் இறங்கி நடந்து பாருங்கள். அலையைத் தொடுவதற்குள் கால் வலிக்கும். அவ்வளவு அகலம். அதே நகரத்தில், அதே கடலோரமாக, துறைமுகத்தைத் தாண்டி வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் போனால் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் பல இடங்களில் இருப்பது கருங்கல் குவியல் மட்டுமே. உட்கார ஒரு கைப்பிடி மணல் கிடையாது. 'அது நல்ல பீச்சு, இது மோசமான பீச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏதோ இயற்கை ஒரு பக்கம் அள்ளிக் கொடுத்து மறுபக்கம் கையை விரித்துவிட்டது போல.

இங்கே இயற்கையின் பெயரால் மறைக்கப்படுவது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

முதலில் இயற்கையின் பங்கைப் பார்த்துவிடலாம். சோழமண்டலக் கரையின் மணல் பெரும்பாலும் கடலில் பிறந்ததல்ல. மலைப்பாறை உடைந்து, ஆற்றில் உருண்டு, தேய்ந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வந்தது. காவிரி, தென்பெண்ணை, பாலாறு கொடுத்த கொடை. வழியில் மென்மையான கனிமங்கள் கரைந்தும் பொடிந்தும் போக, கடினமான குவார்ட்ஸ் மிஞ்சுகிறது. அதுதான் நாம் பார்க்கும் வெளிறிய மணல். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போனால் கதை வேறு. அங்கே பவளமும் சிப்பியும் உடைந்து மணலாகிக் கிடக்கின்றன. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் கறுப்பாகவும் சிவப்பாகவும் இருப்பது இல்மனைட்டும் கார்னெட்டும். பாறை எதுவோ மணலும் அது.

அடுத்தது அலை. மணலைச் சலிக்கிற சல்லடை அது. நுண்ணிய துகளை எளிதில் தூக்கிக்கொண்டு போகும். பருமனானதையும் கனமானதையும் விட்டுச் செல்லும். அதனால்தான் பருமணல் உள்ள கரை செங்குத்தாகச் சரிகிறது; நுண்மணல் உள்ள கரை தட்டையாக விரிகிறது. புயலுக்கு மறுநாள் கரையில் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். 'எண்ணெய் கொட்டிருச்சு போல' என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது எண்ணெயல்ல. லேசான மணலை அலை எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சிய கனிமம்.

மூன்றாவது, முக்கியமானது: மணல் நடக்கிறது. அலை கரையைச் சாய்வாக வந்து அடிக்கிறது, நேராகத் திரும்புகிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல் துகள் ஓரடி நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அது லட்சக்கணக்கான கன மீட்டர். சென்னைக் கரை மீனவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் 'தெண்டி' என்றும் வடக்கிலிருந்து தெற்கே வருவதை 'வண்ணி' என்றும் பெயரிட்டு, அதைப் பார்த்தே வலை இறக்குகிறவர்கள் அவர்கள்.

ஆக, கடற்கரை என்பது ஒரு பொருளல்ல, ஒரு போக்குவரத்து. தெற்கேயிருந்து வருவதும் வடக்கே போவதும் சமமாக இருக்கும்வரை கரை நிற்கும். நடுவில் யாராவது கையை நீட்டித் தடுத்தால்?

3

தடுத்தது 1876இல். அதற்கு முன் மதராசுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் ஆளையும் சரக்கையும் ஏற்றி, அலை உடைகிற இடத்தைக் கடந்து கொண்டுவந்து சேர்த்தவர்கள் கரையோரத்து மீனவர்கள். கம்பெனி வணிகம் முழுவதும் அவர்களது தோளேறித்தான் கரைக்கு வந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கல் கரங்கள் நீண்டன. 1881 நவம்பர் புயலில் கட்டியதில் பெரும்பகுதி உடைந்தது, மறுபடி கட்டினார்கள்.

வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் தெற்குக் கரத்தில் முட்டி நின்றது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தது. கோட்டைக்கும் சாந்தோமுக்கும் இடையே கடல் பின்வாங்கியது. 1880களின் நடுவில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தார். இத்தாலிய நினைவில் வைத்த பெயர். இப்படித்தான் ஒரு துறைமுகத்தின் பக்கவிளைவு நகரத்தின் அழகானது.

மறுபக்கம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். அவர்களுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை தன் கூலியைக் குறைத்துக்கொள்ளவில்லை. இருந்ததை எடுத்துக்கொண்டு வடக்கே போனது. கரை தேய்ந்தது, குப்பங்கள் பின்னால் நகர்ந்தன. துறைமுகத்துக்கும் நிம்மதி இல்லை. கிழக்கே இருந்த அதன் வாயில் மணலால் மேடிட்டது. 1904இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதிது திறக்க வேண்டியிருந்தது. கப்பலுக்கு வழி மாற்றித் தந்தார்கள். குப்பத்துக்கு யாரும் மணல் மாற்றித் தரவில்லை.

மெரினாவின் அகலத்தையும் திருவொற்றியூரின் கல்லையும் ஒன்றாக வைத்துத்தான் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கமும் பற்றுப் பக்கமும்.

4

சேர்ந்த மணல் சும்மா கிடக்கவில்லை. அது நமது அரசியலின் மேடையானது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இடங்களுள் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. காங்கிரசும் திராவிட இயக்கமும் கம்யூனிஸ்டுகளும் மக்களைக் கூட்டியது இந்த மணலில். அண்ணா 1969இல் அடக்கமானதும், பின்னர் எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி அடக்கமானதும் பெரும்பாலும் 1876க்குப் பிறகு கடல் விட்டுக்கொடுத்த நிலத்தில்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானோர் திரண்டதும் இங்கேதான். அவ்வளவு பேர் உட்கார இடம் கொடுத்தது வடசென்னை இழந்த மணல். நம் போராட்ட நினைவுகளுக்கு அடியிலும் இந்தக் கடன் இருக்கிறது என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் சேர்ந்த மணலிலும் எல்லோருக்கும் இடமில்லை. 1985இல் எம்.ஜி.ஆர் அரசு மெரினாவை 'அழகுபடுத்த' முடிவு செய்தது. அழகுக்கு இடைஞ்சலாகத் தெரிந்தவை கட்டுமரங்களும் வலைகளும். அகற்ற வந்தார்கள், மீனவர்கள் எதிர்த்தார்கள், டிசம்பரில் போலீஸ் சுட்டது. மீனவர்கள் உயிரிழந்தார்கள். 'சுத்தமான மணல்' என்ற சொல்லின் மேல் இரத்தக் கறை இருக்கிறது என்பதை இந்த ஆண்டை மறந்தால் மட்டுமே மறக்கலாம்.

இங்கே தரம் என்ற சொல்லை நிறுத்தி விசாரிக்க வேண்டும். உலாவ வருகிறவருக்கு நல்ல மணல் என்பது வெண்மையாக, மிருதுவாக, வெறுமையாக இருப்பது. கரைவலை இழுப்பவருக்கு அது கல் இல்லாத கரை, மரத்தை ஏற்றி வைக்க மேடு, கருவாடு காயவைக்க இடம். கடலாமைக்கு, குழி தோண்டினால் இடியாத, முட்டைக்குச் சூடு தரும் மணல். கரைக்கே நல்லது அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து நிறுத்தும் மணல்மேடு. இயந்திரத்தால் சமப்படுத்தி, கொடியைக் 'குப்பை' என்று வாரும்போது முதலாமவரின் தரம் மட்டுமே தரம் ஆகிறது. மணவாளக்குறிச்சி மணலுக்கு இன்னொரு தரமும் உண்டு: டன்னுக்கு எவ்வளவு என்பது. அங்கே மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். அதில் உள்ள தோரியத்துக்கு அன்று விளக்குத் திரிக்காகச் சந்தை இருந்தது. பிறகு அணுசக்தி. தென்மாவட்டங்களில் தனியார் தாதுமணல் கொள்ளை 2013இல் தடை செய்யப்படும்வரை எந்த அளவுக்குப் போனது என்பது ஊரறிந்தது.

5

சென்னையில் நடந்தது தெரியாத்தனம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டை மன்னிக்கலாம். புதுச்சேரியை எப்படி மன்னிப்பது? 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டப்பட்டபோது மணல் நடக்கும் என்பது நூறாண்டு பழைய பாடம். தெற்கே தேங்குவதை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. கல் உடனே வந்தது. மணலைத் தாண்டவைக்கும் வேலை மட்டும் சொன்னபடி நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்துக் கடற்கரை போனது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள்.

கல் கரையைக் காப்பதில்லை, கல்லுக்குப் பின்னால் இருப்பதைக் காக்கிறது. அலையின் வேகம் கல்லடியில் இருந்த மிச்ச மணலையும் அரித்து, கல் முடிகிற இடத்தில் அடுத்த ஊரைத் தின்னத் தொடங்குகிறது. அங்கேயும் கல். அதற்கடுத்த ஊர். இப்படி அரிப்பு மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தது: தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். புதுச்சேரியின் துறைமுகம் விழுப்புரம் மாவட்டத்தின் வீடுகளை இடிக்கிறது. யாரிடம் மனு கொடுப்பது? மணலுக்கு மாநில எல்லை தெரியாது, கோப்புகளுக்குத் தெரியும்.

2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை இறக்கியது. மணலும் கொட்டப்பட்டது. அலை அடங்கி, அங்கே மணல் தங்கியது. முப்பதாண்டுக்குப் பின் குழந்தைகள் அங்கே காலை நனைக்கிறார்கள். இதைக் கேலி செய்யத் தேவையில்லை. கல்லைக் கொட்டுவதைவிட அறிவான வேலை. ஆனால் மணல் முதலில் திரும்பிய இடம் எது என்று பாருங்கள். சுற்றுலா நடக்கிற, செயலகம் இருக்கிற அந்தத் துண்டு. வடக்கே குப்பங்களில் அரிப்பு நிற்கவில்லை.

6

மேம்பாட்டு முயற்சிகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, தடுப்பது: சுவர், கடலுக்குள் நீளும் கல் வரிசைகள். இவை மணலை உண்டாக்குவதில்லை; அண்டை ஊரின் பங்கை எடுத்து இந்த ஊருக்குக் கொடுப்பவை. இரண்டு, கொட்டுவது: வேறிடத்து மணலைக் கொண்டுவந்து நிரப்புவது. கொட்டும் மணல் பழைய மணலைவிட நுண்ணியதாக இருந்தால் சீக்கிரமே கரைந்து போகும். தூர்வாரிய சேறும் கலந்தால் கரை இறுகும், மீனுக்கும் ஆமைக்கும் ஆகாது. அதுவும் ஒருமுறை செய்து முடிகிற வேலையல்ல. மூன்று, கடத்துவது: தெற்கே தேங்கியதை ஆண்டுதோறும் வடக்கே சேர்ப்பது. இது மட்டுமே வாங்கிய கடனைத் திருப்புவது. திறப்பு விழா நடத்த முடியாத வேலை என்பதாலோ என்னவோ, இதற்குத்தான் பணம் இருப்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஆறு இருக்கிறது. மேட்டூர் (1934), சாத்தனூர் (1958) என ஒவ்வொரு அணைக்குப் பின்னாலும் கடலுக்குப் போகவேண்டிய மணல் படிந்து கிடக்கிறது. தப்பி வந்ததைப் பாலாற்றிலும் காவிரியிலும் லாரி அள்ளிவிட்டது. நம் வீட்டுச் சுவரில் பூசப்பட்டிருப்பது ஏதோ ஒரு கடற்கரை. பிறகு கடற்கரையில் சுவர் கட்டுகிறோம்.

2021இல் கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குளிக்கும் நீர் சுத்தமா, கழிப்பறை உண்டா, பாதுகாவலர் உண்டா என்றெல்லாம் பார்த்துக் கொடுக்கிற சான்று. வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த மணல் இங்கே தங்கியதால் யாருடைய கரை காலியானது என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருப்பதில்லை.

அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். புதிய துறைமுகத் திட்டம் வரும்போது 'எத்தனை பேருக்கு வேலை' என்பதோடு 'வடக்கே எந்த ஊர், அதற்கு ஆண்டுதோறும் மணலை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்க்காவிட்டால் யார் பொறுப்பு' என்றும் கேட்போம். பொதுவிசாரணையில் குப்பத்து ஆட்கள் ஏற்கெனவே இதைத்தான் கேட்கிறார்கள். தெண்டியும் வண்ணியும் தெரிந்தவர்கள் பேசும்போது, மெரினாவில் உட்கார்ந்து பழகிய நாம் கொஞ்சம் எழுந்து நின்று கேட்கலாம்.